திரையில் எழுந்த கோட்டை

கல்லால் கட்டுவோர் உண்டு. மரத்தால் கட்டுவோர் உண்டு. கல்லும் மரமும் இன்றிக் கணிப்பொறித் திரையில் மாடமும் கோபுரமும் எழுப்புவோரும் இந்நாளில் உளர். கேளிக்கைப் பூங்கா ஒன்றை அமைத்து நடத்தும் கணிப்பொறி விளையாட்டே அவர்தம் களம். 1999ஆம் ஆண்டில் கிறிஸ் சாயர் என்பார் இயற்றிய 'ரோலர்கோஸ்டர் டைகூன்' இவ்வகை விளையாட்டுகளுள் பெரும்புகழ் பெற்றது. 2016ஆம் ஆண்டில் வெளிவந்த 'பிளானட் கோஸ்டர்' அதனினும் ஒருபடி மேற்சென்றது. சுவர், சாளரம், கூரை, தூண் ஆகியவற்றைத் துண்டு துண்டாக எடுத்து, வேண்டியவாறு பொருத்தி, எத்தகைய கட்டடத்தையும் அதில் அமைக்கலாம். தரையை மலையாக உயர்த்தலாம், பள்ளமாகத் தாழ்த்தலாம். பூங்காவின் வாயில் திறந்தவுடன் விரலளவு மாந்தர் கூட்டம் கூட்டமாக உள்ளே புகுந்து உலவுவர்.

ஜெர்மனி நாட்டு மியூனிக் நகரில் மாணவன் ஒருவன் இவ்விளையாட்டில் பெருவிருப்பம் கொண்டிருந்தான். அவனுடைய பாட்டனார் கொத்துவேலையில் நாற்பது ஆண்டுகள் கழித்தவர். பேரனுக்குப் பத்து வயதானபோது, ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் உள்ள நாய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்கு அவனை அழைத்துச் சென்றவர் அவரே. கோட்டைக்கு அருகில் ஆழ்ந்த பள்ளத்தாக்கு ஒன்று உண்டு. அதன்மேல் ஏறத்தாழ 90 மீட்டர் உயரத்தில் மரியன் பாலம் என்னும் இரும்புப் பாலம் நிற்கிறது. அப்பாலத்தின் நடுவில் பேரனை நிறுத்தி, வெண்ணிறக் கோட்டையைச் சுட்டிக் காட்டி, நெடுநேரம் யாதும் பேசாது நின்றார் பாட்டனார். இப்பொழுது முழங்கால் நோவால் அவர் மலையேறுவதில்லை. அக்கோட்டையைத் திரையில் எழுப்பி அவருக்குக் காட்டவேண்டும் என்னும் ஆசை அவன் உள்ளத்தில் முளைத்தது.

அவன் படங்கள் பல திரட்டினான். சாளரங்களை ஒவ்வொன்றாக எண்ணிக் குறித்தான். விளையாட்டில் முழுச்சுவர்த் துண்டு ஒவ்வொன்றும் நான்கு மீட்டர் அகலமும் நான்கு மீட்டர் உயரமும் உடையது. அவற்றை வரிசை வரிசையாக அடுக்கி, எண்ணிக்கை சிறிதும் பிசகாமல் மூன்று வாரங்களில் கட்டி முடித்தான். பாட்டனார் கண்ணாடியை அணிந்துகொண்டு திரையை உற்று நோக்கினார்.

"சாளரம் ஒன்றுகூடக் குறையவில்லை, தம்பி. ஆனால் கோட்டை எங்கே?" என்றார்.

சிறுவன் முகம் வாடியது. பாட்டனார் புகழ்ந்து இரண்டு சொற்கள் கூறியிருக்கலாம் என்று நமக்குத் தோன்றக்கூடும். ஆயினும் தம் வாழ்நாள் முழுவதும் சுவரின் நேர்மையைத் தூக்குநூலிட்டுப் பார்த்தவர் அவர்; பொய்ப்புகழ்ச்சி அவர் நாவில் வாராது. "கொத்தன் முதலில் கல்லைப் பார்க்கமாட்டான், நிலத்தைப் பார்ப்பான். நீ சமவெளியில் கட்டியிருக்கிறாய். அதனை யார், எங்கே நின்று காண்பார் என்று எண்ணினாயா?" என்று மட்டும் கேட்டார்.

அன்றிரவு அவன் அக்கோட்டையின் வரலாற்றைத் தேடிப் படித்தான். படிக்கப் படிக்க வியப்பே மிகுந்தது. பழங்காலக் கோட்டை போல் தோன்றும் அது உண்மையில் பழங்காலத்தது அன்று. பவேரியா நாட்டு மன்னன் இரண்டாம் லுட்விக் 1867ஆம் ஆண்டில் வார்ட்பர்க் என்னும் பழைய கோட்டையைக் கண்டு மனம் பறிகொடுத்தான். 1869ஆம் ஆண்டில் தன் கோட்டைக்கு அடிக்கல் இட்டான். அதன் தோற்றத்தை முதலில் வரைந்தவர் கட்டடக் கலைஞர் அல்லர். கிறிஸ்டியன் யாங்க் என்னும் நாடகத் திரை ஓவியர். மேடையில் தொங்கவேண்டிய காட்சி மலையுச்சியில் கட்டடமாக நின்றது எனலாம். வெண்சுண்ணக் கல்லாலாயது போல் மிளிரும் சுவர்களின் உள்ளே இருப்பது செங்கல். பொருள்களை மேலே தூக்க நீராவிப் பளுதூக்கியும் பயன்பட்டது. இருநூறுக்கும் மேற்பட்ட அறைகள் திட்டமிடப்பட்டன. ஆனால் 1886ஆம் ஆண்டில் மன்னன் இறந்தபோது, ஏறத்தாழ 15 அறைகளே நிறைவு பெற்றிருந்தன. எவரும் நுழையலாகாது என்று அவன் காத்த தனிமாளிகை, அவன் மறைந்த சில வாரங்களிலேயே பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

போலியைப் பார்த்துப் போலி செய்வதா என்று இகழ்வோர் இகழலாம். அஃது ஆராயாத கூற்று. கலிபோர்னியாவில் 1955ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட டிஸ்னிலாந்துப் பூங்காவின் கோட்டைக்கு நாய்ஷ்வான்ஸ்டைனும் ஒரு முன்மாதிரி. அதன் உயரம் 77 அடியே. ஆயினும் அண்ணாந்து நோக்குவார்க்கு அது வானளாவி நிற்பதாகத் தோன்றும். அடியில் பெரிய கற்களும் மேலே செல்லச் செல்லச் சிறிய கற்களுமாக அமைத்து, கண்ணுக்குத் தொலைவை உண்டாக்கியது அவ்வேலைப்பாட்டின் நுட்பம். அளவை அப்படியே எடுத்தாண்டவர்கள் அல்லர் அதனை அமைத்தவர்கள். காண்பவன் நிற்கும் இடத்தை அறிந்தவர்கள்.

மறுநாள் மாணவன் மூன்று வார உழைப்பையும் அழித்தான். சுட்டியை ஒருமுறை அழுத்தினால் போதும், அத்தனையும் மறைந்துவிடும்; ஆயினும் அந்த ஓர் அழுத்தத்திற்கு அவன் நெடுநேரம் தயங்கினான். பின்னர்த் தரையை உயர்த்திக் குன்றாக்கினான். குன்றின் முதுகு ஒடுங்கியிருந்தமையால் கோட்டையும் நீண்டு ஒடுங்கியது. ஒடுங்கவே, உயரம் தானே பிறந்தது. கோபுர உச்சியில் முழுச்சுவர்த் துண்டுகளை விடுத்துச் சிறிய துண்டுகளைப் பொருத்தினான். சாளரங்களுள் பாதியை விட்டுவிட்டான். முகப்பு வாயில் மாளிகையை மட்டும் உண்மையில் உள்ளவாறே செந்நிறச் செங்கல்லாக அமைத்தான். அதன் செம்மையால் பின்னிற்கும் வெண்மை பன்மடங்கு விளங்கிற்று. துண்டுகள் பெருகப் பெருகக் கணிப்பொறி திணறித் தளர்நடை போட்டது. ஆகவே உள்ளறைகளைக் கட்டாது வெறுமையாக விட்டான். மன்னன் மாளிகையிலும் இரண்டாம் மாடி முற்றுப்பெறாமலே கிடக்கிறது என்பதை எண்ணி அவன் சிறிது நகைத்தான்.

இறுதியில் பள்ளத்தாக்கு ஒன்று தோண்டி, எதிரே பாலம் ஒன்று அமைத்து, மக்கள் நடைபாதையை அதன் வழியே செலுத்தினான்.

ஒரு கேள்வி மட்டும் எஞ்சியது. மேல் முற்றத்தில் 90 மீட்டர் உயரமுடைய பெருங்கோபுரம் ஒன்றை எழுப்ப மன்னன் எண்ணியிருந்தான். அது கட்டப்படவே இல்லை. அதன் அடித்தளத்தின் வடிவம் மட்டும் முற்றத்தின் தரையில் வெண்கற்களால் குறிக்கப்பட்டுள்ளது. மன்னனால் இயலாதது திரையில் ஒரு மாலைப்பொழுதில் இயலும். மாணவன் பாதிக் கோபுரம் எழுப்பியும் பார்த்தான். எழுப்பியதும், பாலத்தில் நின்று பாட்டனார் சுட்டிக் காட்டிய கோட்டை அங்கே காணப்படவில்லை. வேறொன்று நின்றது. அதனை நீக்கினான்.

ஞாயிற்றுக்கிழமை பாட்டனார் வந்தார். பேரன் பாலத்தின் நடுவிலிருந்து தோன்றும் காட்சியைத் திரையில் நிறுத்தினான். அவர் ஒன்றும் கூறவில்லை. நாற்காலியைச் சிறிது முன்னே இழுத்துக்கொண்டார். சிறிது நேரம் கழித்து, "முற்றத்தைக் காட்டு" என்றார். அங்கே விரலளவு மாந்தர் சிலர், தரையில் பதித்த வெண்கோடுகள் யாவை என அறியாராய், அவற்றின்மேல் நடந்து சென்றுகொண்டிருந்தனர்.