நிஃப்டியை யார் இறக்கினார்கள்?

நாவலூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பிக்கு,

வியாழக்கிழமை போனில் இரண்டு கேள்வி கேட்டாய். "நிஃப்டி காலையிலேர்ந்து 200 புள்ளி இறங்கிடுச்சே, யாருக்கா இறக்கறாங்க?" என்பது ஒன்று. "ஆப்ஷன்ல போன வாரம் விட்ட காசை இந்த வாரம் எடுத்துடலாம்ல?" என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் நீளம். அது புரிந்தால்தான் இரண்டாவதுக்கு நான் சொல்லப்போவது உன் மனதில் நிற்கும். போனில் சொன்னால் நடுவில் நீ எதையாவது கேட்டு என்னைத் திசைதிருப்பிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். முழுக்கப் படி.

நிஃப்டி என்று தனியாக ஒரு பொருள் கிடையாது, தம்பி. தேசியப் பங்குச் சந்தையில் 50 பெரிய நிறுவனங்களின் பங்குகள் நொடிக்கு நொடி கைமாறிக்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொன்றின் கடைசி விலையையும் எடுத்து, பொதுமக்கள் கையில் புழங்கும் பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்கி, ஐம்பதையும் கூட்டுகிறார்கள். அந்தத் தொகையைத் தொடக்க நாளின் தொகையால் வகுத்து 1,000 ஆல் பெருக்கினால் வருவதுதான் நீ திரையில் பார்க்கிற எண். தொடக்க நாள் 1995 நவம்பர் 3. அன்றைய அளவை 1,000 என்று வைத்துக்கொண்டு, 1996 ஏப்ரலில் அறிமுகம் செய்தார்கள். மும்பை பங்குச் சந்தையின் சென்செக்ஸுக்கும் இதே கணக்குதான்; அங்கே 30 நிறுவனங்கள், அடிப்படை ஆண்டு 1978-79, அடிப்படை அளவு 100.

2024 ஆகஸ்டில் நிஃப்டி முதல்முறையாக 25,000ஐத் தாண்டியது. கிட்டத்தட்ட 29 வருஷத்தில் 25 மடங்கு. கேட்கப் பிரமாதமாக இருந்தாலும், வருஷத்துக்குப் பிரித்தால் 12 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவுதான் வரும். இதில் நிறுவனங்கள் கொடுத்த டிவிடெண்ட் சேராது. அதையும் சேர்த்துக் கணக்கிடுகிற நிஃப்டி ஒன்று தனியாக இருக்கிறது. எங்கள் ஆபீசில் ஃபண்டுகளை அதோடுதான் ஒப்பிடுகிறோம்; 2018 பிப்ரவரியிலிருந்து பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அப்படித்தான் ஒப்பிடச் சொல்லியிருக்கிறது. டிவி செய்தியில் அந்த எண் வருவதே இல்லை.

இப்போது உன் 200 புள்ளி. நிஃப்டி 25,000 என்று வைத்துக்கொள். அதில் ஹெச்டிஎஃப்சி வங்கி ஒன்றின் எடை மட்டும் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. அந்த வங்கியின் பங்கு ஒரு விழுக்காடு இறங்கினால், மற்ற 49ம் அசையாமல் இருந்தால்கூட நிஃப்டி 30 புள்ளிக்கு மேல் இறங்கும். நம் சென்னை அப்போலோ மருத்துவமனையும் நிஃப்டியில்தான் இருக்கிறது. ஆனால் அது அதே ஒரு விழுக்காடு இறங்கினால் இரண்டு புள்ளி அசைந்தாலே அதிகம். வங்கி, நிதி நிறுவனங்களை மொத்தமாகச் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வந்துவிடும். அதனால் "சந்தை விழுந்தது" என்று சொல்கிற பல நாளில் விழுந்திருப்பது நாலைந்து வங்கிப் பங்குகள்தான். விற்றவர்கள் ஆயிரம் காரணத்துக்காக விற்றிருப்பார்கள். உட்கார்ந்து இறக்குகிற ஒரு ஆள் எங்கேயும் இல்லை.

எந்த நிறுவனத்துக்கு எவ்வளவு எடை என்பதை எங்கள் ஓஎம்ஆர் ரோட்டை வைத்தே சொல்லிவிடலாம். இங்கிருந்து தெற்கே போனால் சிறுசேரி சிப்காட்டில் டிசிஎஸ்ஸின் வண்ணத்துப்பூச்சி வடிவ வளாகம். வடக்கே சோழிங்கநல்லூரில் இன்ஃபோசிஸ். இரண்டில் எது பெரிது? மொத்தப் பங்குகளின் மதிப்பைப் பார்த்தால் பல வருஷமாகவே டிசிஎஸ்தான். நிஃப்டியில் எதற்கு எடை அதிகம்? இன்ஃபோசிஸுக்கு! டிசிஎஸ் பங்குகளில் 70 விழுக்காட்டுக்கு மேல் டாடா சன்ஸ் கையில் இருக்கிறது. அவை சந்தைக்கு விற்பனைக்கு வருகிறவை இல்லை என்பதால் கணக்கில் எடுப்பதில்லை. இன்ஃபோசிஸில் நிறுவனர்களின் குடும்பங்கள் வைத்திருப்பது 15 விழுக்காட்டுக்குள்தான். மீதி எல்லாம் கணக்கில் வரும். இதைத்தான் ஃப்ரீ ஃப்ளோட் என்கிறார்கள். சென்செக்ஸ் 2003 செப்டம்பரிலும் நிஃப்டி 2009 ஜூனிலும் இந்த முறைக்கு மாறின. அம்மா பாலிசி போட்டிருக்கிற எல்ஐசி 2022 மே மாதம் சந்தைக்கு வந்தது. எவ்வளவு பிரமாண்டமான நிறுவனம்! அதில் 96 விழுக்காட்டுக்கு மேல் அரசாங்கத்திடம் இருப்பதால் இந்தக் கணக்குப்படி மிஞ்சுவது ஒரு துண்டுதான். எனக்கு இந்த முறை நியாயமாகத்தான் படுகிறது. யாரும் வாங்க முடியாத பங்கு ஏன் எல்லோருடைய எண்ணையும் ஆட்ட வேண்டும்?

விலை அதிகம் இருந்தால் பெரிய நிறுவனம் என்று நினைத்துவிடாதே. உன் பைக் டயர் எம்ஆர்எஃப்தானே? கிரீம்ஸ் ரோட்டில் தலைமை அலுவலகம் உள்ள அந்த நிறுவனத்தின் ஒரு பங்கு 2023 ஜூனில் ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டது. இந்தியாவில் அதற்கு முன் எந்தப் பங்கும் தொடாத விலை. அந்தச் சமயத்தில் இன்ஃபோசிஸ் பங்கு 1,300 ரூபாய் அளவில் இருந்தது. ஆனால் எம்ஆர்எஃப்பின் மொத்தப் பங்குகளே 42 லட்சத்துச் சொச்சம்தான். பெருக்கினால் 42,000 கோடி. இன்ஃபோசிஸுக்கு 400 கோடிக்கு மேல் பங்குகள். பெருக்கினால் 5 லட்சம் கோடியைத் தாண்டும். அதனால் எம்ஆர்எஃப் நிஃப்டி ஐம்பதில் இல்லை. அமெரிக்காவில் 1896இல் தொடங்கிய டௌ ஜோன்ஸ் இன்றைக்கும் பங்கின் விலையை வைத்தே எடை போடுகிறது. ஜப்பானின் நிக்கேயும் அப்படித்தான். அந்த முறையை இங்கே வைத்தால், எம்ஆர்எஃப்பை உள்ளே சேர்த்த மறுநாளே இந்தியப் பொருளாதாரம் முழுக்க டயரில் ஓடுவதுபோல் தெரியும்.

இந்த ஐம்பது பேரும் நிரந்தரமும் கிடையாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலைப் பார்த்து, நாலு வாரம் முன்பே அறிவித்து மாற்றுகிறார்கள். அப்போலோ 2022 மார்ச் கடைசியில் வந்தபோது இந்தியன் ஆயில் வெளியே போனது. 1974இல் சென்னையில் தொடங்கி, லாரிக்காரர்களுக்குக் கடன் கொடுத்து வளர்ந்த ஸ்ரீராம் குழுமத்தின் ஃபைனான்ஸ் நிறுவனம் 2024 மார்ச்சில் யுபிஎல் இடத்துக்கு வந்தது. வகுப்பில் ஒருவன் டி.சி. வாங்கிப் போய் வேறொருவன் சேர்ந்தால், யாரும் பரீட்சை எழுதாமலேயே வகுப்பு சராசரி மாறிவிடக்கூடாது இல்லையா? அதற்காக, ஆள் மாறும் நாளில் வகுக்கும் எண்ணையும் சேர்த்துத் திருத்திவிடுவார்கள். நிஃப்டி குதிக்காது.

இதில் நீ கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு கணக்கில் மோசடி செய்ததை ஒப்புக்கொண்டு கடிதம் கொடுத்தார். ஒரே நாளில் பங்கு விலையில் முக்கால் பங்குக்கு மேல் போனது. சில நாளுக்குள் சென்செக்ஸிலிருந்தும் நிஃப்டியிலிருந்தும் சத்யத்தை எடுத்துவிட்டு வேறு நிறுவனங்களைப் போட்டார்கள். பட்டியல் அதோடு மேலே நடந்துவிட்டது. அந்தப் பங்கை வைத்திருந்தவர்களால் அப்படி நடக்க முடியவில்லை. 1986இல் சென்செக்ஸ் வந்தபோது அதில் அம்பாசடர் கார் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் இருந்தது, பத்மினி கார் செய்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் இருந்தது, பாம்பே டையிங் இருந்தது. இன்றைக்கு அவை எங்கே? தேய்கிறவர்களை வெளியே அனுப்பி, வளர்கிறவர்களைச் சேர்த்துக்கொண்டே போவதால்தான் நீண்ட காலத்தில் இந்த எண் ஏறுகிறது. நாடே அந்த வேகத்தில் ஏறுகிறது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

இந்த எண்ணின் கண்ணில் படாதவையும் ஏராளம். இதே சிறுசேரியில் காக்னிசன்ட் இருக்கிறது. 1994இல் சென்னையில் பிறந்த நிறுவனம், ஆனால் 1998 முதல் அதன் பங்கு அமெரிக்காவின் நாஸ்டாக்கில். அங்கே வேலை பார்க்கிற இத்தனை ஆயிரம் பேரின் உழைப்பு நிஃப்டியில் ஒரு புள்ளிகூட ஆகாது. கூடுவாஞ்சேரி பக்கம் ஜோஹோ இருக்கிறது. அது பங்குச் சந்தைக்கே வரவில்லை. தாம்பரம் மார்க்கெட்டில் காலை நாலு மணிக்குக் கடை விரிக்கிறவர்கள், எங்கள் தெருமுனை டிபன் கடை, ஓஎம்ஆரில் ஓடும் ஷேர் ஆட்டோக்கள் எதுவும் அதற்குத் தெரியாது. இவர்களுக்கு மோசமான வருஷமாக இருந்த 2020ஐயே எடுத்துக்கொள். மார்ச்சில் நொறுங்கிய சென்செக்ஸ் 2021 ஜனவரியில் 50,000ஐத் தொட்டது. அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் டிபன் கடை திறக்கவே இல்லை. அதை என்னால் மறக்க முடியாது.

அடுத்து, புள்ளியைப் பார்த்துப் பயப்படுவது. 1992 ஏப்ரல் 28 அன்று, பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தாவின் மோசடி விவகாரம் வெடித்த நேரத்தில், சென்செக்ஸ் 570 புள்ளி விழுந்தது. 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு வந்த நாளில் 4,389 புள்ளி விழுந்தது. எது பெரிய வீழ்ச்சி? 1992இல் விழுந்தது 12.77 விழுக்காடு, 2024இல் ஆறு விழுக்காட்டுக்கும் குறைவு. அந்த ஜூனில் மூன்றே நாளில் விட்டதெல்லாம் திரும்பியும் வந்தது. கொரோனா சமயத்தில் 2020 மார்ச் 23 அன்று 3,934 புள்ளி, அதாவது 13 விழுக்காட்டுக்கு மேல். வணிகத்தையே முக்கால் மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். எண் பெரிதாகப் பெரிதாகப் புள்ளிகளும் பெரிதாகத்தான் தெரியும். உன்னைப் பதற வைத்த அந்த 200 புள்ளி ஒரு விழுக்காடுகூட இல்லை. அதற்காக விழாது என்று நான் சொல்லவில்லை. 2008 ஜனவரியில் 21,000ஐத் தொட்ட சென்செக்ஸ் அக்டோபரில் 8,000க்குக் கீழே போய்ப் பார்த்தது. பழைய உயரத்துக்கு வர 2010 கடைசி ஆனது. அவ்வளவு காலம் காத்திருக்க முடிகிற பணத்தை மட்டும்தான் இதில் வைக்க வேண்டும்.

உனக்குத் தெரியாமலேயே நீ அப்படி வைத்துக்கொண்டும் இருக்கிறாய். 2015 ஆகஸ்டிலிருந்து பி.எஃப். நிறுவனம் தனக்கு வரும் புதுப் பணத்தில் ஒரு பகுதியை சென்செக்ஸ், நிஃப்டியைப் பின்பற்றும் ஈடிஎஃப் ஃபண்டுகளில் போடுகிறது. 5 விழுக்காட்டில் தொடங்கி 2017இல் 15 ஆக்கினார்கள். உன் சம்பளத்திலிருந்து மாதாமாதம் பிடிக்கிற பி.எஃப்.பில் ஒரு பங்கு இந்த நிறுவனங்களுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. இதுவும் நிஃப்டிதான், நீ ஆப்பில் ஆடுவதும் நிஃப்டிதான். இரண்டும் ஒன்று என்று நீ நினைப்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

ஆப்ஷன் வாங்கும்போது எந்த நிறுவனத்திலும் உனக்கு ஒரு பங்கும் சேருவதில்லை. இந்த எண் இத்தனாம் தேதி இந்த இடத்தைத் தாண்டும் என்பதற்குப் பிரீமியம் கட்டுகிறாய், அவ்வளவுதான். நிஃப்டி 25,000இல் இருக்கும்போது 25,200 கால் வாங்குகிறாய் என்று வை. எக்ஸ்பயரி அன்று 25,150இல் முடிந்தால், ஏறும் என்று நீ நினைத்தது சரி. கட்டிய பிரீமியம் முழுக்கப் போச்சு. ஒவ்வொரு நாள் போகப்போக அது தானாகவே கரையும். நான் மேலே சொன்ன எல்லாமே, தேய்கிற நிறுவனம் வெளியே போவதும், டிவிடெண்ட் சேருவதும், விழுந்தது மீள்வதும், வருஷக்கணக்கில் நடப்பவை. ஒரு வாரத்தில் உனக்காக எதுவும் நடக்காது.

2024 செப்டம்பரில் செபி ஒரு ஆய்வு வெளியிட்டது. மூன்று நிதியாண்டுகளில் ஆப்ஷனும் அடங்கிய எஃப் அண்ட் ஓவில் ஆடிய தனிநபர்கள் ஒரு கோடிக்கும் மேல். அவர்களில் 93 விழுக்காட்டினர் நஷ்டப்பட்டார்கள். மொத்தமாகப் போனது 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் அதிகம். லாபம் பெரும்பாலும் கணினி நிரல் வைத்து வணிகம் செய்யும் பெரிய நிறுவனங்களுக்கும் வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கும் போயிருக்கிறது. ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் நின்றுகொண்டு போனைப் பார்க்கிற உனக்கு எதிரில் இருப்பது அவர்கள்தான். நீ கெட்டிக்காரன், எனக்குத் தெரியும். அந்த ஒரு கோடிப் பேரிலும் கெட்டிக்காரர்கள் நிறைய இருந்திருப்பார்கள்.

விட்ட காசை எடுக்கும் எண்ணத்தை இன்றோடு விட்டுவிடு. அது போன காசு. நீ நிறுத்தி வைத்திருக்கிற மாதம் 2,000 ரூபாய் எஸ்ஐபியை மறுபடி தொடங்கு. இண்டெக்ஸ் ஃபண்டாகவே இருக்கட்டும். அதற்கு முன், ஆப்பில் இந்த வருஷத்து லாப நஷ்ட அறிக்கையை இறக்கி எனக்கு அனுப்பு. புரோக்கரேஜ், வரி எல்லாம் சேர்த்து முழுசாக. கிரெடிட் கார்டிலிருந்தோ ஆப்பில் கடன் வாங்கியோ போட்டிருந்தால் அதையும் மறைக்காமல் எழுது. அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அத்தான் அடுத்த சனிக்கிழமை ஊரில் இருக்கிறார்; வெள்ளி இரவு பஸ் ஏறி வா. தொகை எவ்வளவாக இருந்தாலும் மூன்று பேருமாக உட்கார்ந்து எப்படி அடைப்பது என்று பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உன் அக்கா