ஆட்டம் சரி, மேஜை தப்பு

சீட்டில் தோற்றவன் முதலில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "நான் ஆடினது சரியா, தப்பா?" ஜெயித்தவன் இதைக் கேட்பதே இல்லை. பணம் வந்துவிட்டால் ஆடியதும் சரி என்று அவனே தீர்ப்பு எழுதிக்கொள்கிறான். ஆனால் நன்றாக ஆடித் தோற்பதும் உண்டு, கன்னாபின்னாவென்று ஆடி ஜெயிப்பதும் உண்டு.

போக்கர் பிரியர்கள் திரும்பத் திரும்ப அலசுகிற கை ஒன்று இருக்கிறது. 2003 மே, லாஸ் வேகஸ், உலகப் போக்கர் தொடரின் முக்கியப் போட்டி. ஆளுக்குப் பத்தாயிரம் டாலர் நுழைவுக் கட்டணம், 839 பேர். கடைசியில் மிஞ்சியவர்கள் இரண்டு பேர். ஒருவர் சாம் ஃபார்ஹா, பழம் தின்று கொட்டை போட்டவர். இன்னொருவர் கிறிஸ் மணிமேக்கர், டென்னஸியைச் சேர்ந்த கணக்கர். பேரே அதுதான், நான் வைக்கவில்லை :-) இணையத்தில் நூறு டாலருக்கும் குறைவான தகுதிப் போட்டி ஒன்றில் ஜெயித்து உள்ளே வந்தவர்.

போக்கர் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: கையில் இரண்டு சீட்டு, அது ரகசியம். மேஜையில் ஐந்து சீட்டு பொதுவில் திறப்பார்கள். இந்த ஏழில் சிறந்த ஐந்து யாரிடமோ அவருக்குப் பணம். எதிராளி பயந்து சீட்டைக் கவிழ்த்துவிட்டாலும் பணம் நமக்குத்தான்.

மணிமேக்கர் கையில் ஸ்பேடு ராஜா, ஆட்டின் 7. ஃபார்ஹாவிடம் ஸ்பேடு ராணி, ஆட்டின் 9. ஆளுக்கு ஒரு லட்சம் சிப் போட்டார்கள். முதல் மூன்று சீட்டு: ஸ்பேடு 9, டைமன் 2, ஸ்பேடு 6. ஃபார்ஹாவுக்கு 9 ஜோடி சேர்ந்துவிட்டது. இரண்டு பேரும் பந்தயம் கட்டவில்லை. நாலாவது சீட்டு ஸ்பேடு 8. ஃபார்ஹா மூன்று லட்சம் கட்டினார், மணிமேக்கர் எட்டு லட்சமாக ஏற்றினார், ஃபார்ஹா ஈடு கொடுத்தார்.

இந்த இடத்தில் மணிமேக்கரிடம் ஒரு ஜோடிகூட இல்லை. ஆனால் மிச்சமிருந்த 44 சீட்டில் அவருக்கு உதவுகிறவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஸ்பேடு எட்டு (ஐந்து ஸ்பேடு சேரும்), ஸ்பேடு அல்லாத 5, 10 ஆறு (வரிசை சேரும்), ராஜா மூன்று (ராஜா ஜோடி). மொத்தம் 17. அதாவது நூற்றுக்கு முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. ஆக, எட்டு லட்சம் முட்டாள்தனம் இல்லை. எதிராளி பயந்தாலும் லாபம், பயப்படாவிட்டாலும் வாய்ப்பு.

ஐந்தாவது சீட்டு ஆட்டின் 3. 17-ல் ஒன்றும் வரவில்லை. ஃபார்ஹா சும்மா இருந்தார். மணிமேக்கர் இருக்கிற சிப் அத்தனையையும் தள்ளினார். கையில் ஒன்றுமே இல்லாமல்! ஐந்து ஸ்பேடு சேராமல் போய்விட்டதோ என்று ஃபார்ஹா வாய்விட்டே கேட்டார். சரியாகவே சந்தேகப்பட்டார். அப்புறம் யோசித்து யோசித்து, ஜெயிக்கிற சீட்டைக் கவிழ்த்தார்.

டி.வி.யில் பார்க்கிறவர்களுக்கு இரண்டு பேர் சீட்டும் தெரியும். அதனால் "ஏமாந்துட்டாரே" என்பது சுலபம். ஃபார்ஹாவுக்குத் தெரிந்ததை மட்டும் வைத்துப் பார்த்தால் கதை வேறு. மேஜையில் மூன்று ஸ்பேடு கிடக்கிறது, எதிராளி மேலும் மேலும் ஏற்றுகிறான், தன்னிடம் இருப்பது ஒரே ஒரு ஜோடி. கவிழ்ப்பதற்கு நியாயம் இருந்தது. கவிழ்க்காததற்கும் நியாயம் இருந்தது: ஸ்பேடு ராணி தன் கையிலேயே இருப்பதால் எதிராளிக்கு ஐந்து ஸ்பேடு சேர்ந்திருக்கும் சாத்தியம் கொஞ்சம் குறைவு. கையை அலசுவது என்றால் இதுதான். அந்த நிமிஷம் தெரிந்ததை வைத்து முடிவை எடை போட வேண்டும், பின்னால் வந்ததை வைத்து அல்ல.

இதே வித்தையை நாம் போக்கர் என்ற பேர் தெரியாமலே ரயிலில் கற்றவர்கள். சென்னையிலிருந்து பம்பாய் போகும் வண்டியில் சூட்கேஸ் மேல் துண்டை விரித்து ரம்மி போடுவார்கள். அடுத்தவர் எதை எடுக்கிறார், எதை வீசுகிறார் என்று கவனித்தால் பாதி ஆட்டம் நம் கையில். பந்தயம் காபி, வடை. ரேணிகுண்டா வந்ததும் திருப்பதிக்காரர்கள் இறங்கிவிடுவார்கள், ஆட்டம் கலைந்துவிடும்.

அந்த ரேணிகுண்டாவிலேயே இருக்கிற சித்தி பையன் 2021 கடைசியில் எனக்கு ஏழு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். செல்போன் ரம்மியில் அவன் தோற்ற ஒரு கை. "அண்ணா, இதை நான் ஆடினது சரியா தப்பா, அதை மட்டும் சொல்லுண்ணா."

அலசினேன். ஆறு பேர் ஆட்டம், இரண்டு கட்டு. மூன்று ராஜா, மூன்று பத்து, கிளாவர் ஜாக்கி-ராணியோடு ஒரு ஜோக்கர். ஆட்டினில் 5, 7, 8. ஒரு உதிரிச் சீட்டு. ஆட்டின் 6 வந்தால் டிக். 9 வந்தால் ஒரிஜினல் ரம்மியாவது சேர்ந்து பாயிண்ட் குறையும். அந்த நாலு சீட்டில் ஒன்றுதான் வெளியே போயிருந்தது. யாரும் ஆட்டின் சேர்க்கிற அறிகுறியும் இல்லை. நடுவில் ஸ்கூட் விட்டால் 40 நிச்சய நஷ்டம், தொடர்ந்து தோற்றால் 80. தோற்கும் வாய்ப்பு பாதிக்குக் கீழே என்றால் தொடர்வதுதான் கணக்கு. தொடர்ந்தான். வேறொருவர் டிக் அடித்துவிட்டார். ஃபுல் கவுண்ட்.

ஆடியது சரிதான் என்று சொன்னேன். அப்புறம்தான் மற்றதைக் கேட்டேன். அது சித்தியின் கண் ஆபரேஷனுக்கு நான் அனுப்பியிருந்த பணம்.

இன்னொன்றும் சொன்னான். ஆந்திராவில் 2020-லேயே ஆன்லைன் ரம்மிக்குத் தடை. தமிழ்நாட்டுத் தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் ரத்து செய்துவிட்டது. அதனால் பையன் ரயிலேறி, புத்தூர், ஏகாம்பரகுப்பம், அந்த நீளப் பெயர் வெங்கடநரசிம்மராஜுவாரிப்பேட்டை எல்லாம் தாண்டித் திருத்தணி பிளாட்பாரத்தில் உட்கார்ந்து ஆடுவான். ஆடிவிட்டு அடுத்த வண்டியில் வீடு.

"ரம்மி திறமை ஆட்டம்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்குண்ணா" என்றான். வாஸ்தவம். செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கில் 1967 நவம்பரில் வந்த தீர்ப்பு. விழுந்த சீட்டை நினைவில் வைக்கவும், எதை வைத்து எதை வீசுவது என்று முடிவெடுக்கவும் திறமை வேண்டும், ரம்மி மூணு சீட்டு மாதிரி இல்லை என்றது கோர்ட். ஆனால் அதே தீர்ப்பில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. இடம் கொடுத்தவர் அந்த ஆட்டத்திலிருந்து லாபம் பார்த்தால் அது குற்றமாகலாம் என்றும் சொன்னார்கள். இதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

ஏன் அது முக்கியம்? சும்மா ஒரு கணக்கு. சமத் திறமையுள்ள ஆறு பேர் தலைக்கு ஆயிரம் ரூபாயோடு உட்காருகிறார்கள். மொத்தம் ஆறாயிரம். ஒவ்வொரு ஆட்டத்திலும் 600 ரூபாய் கை மாறுகிறது, அதில் பத்து சதவீதம் மேஜைக்காரருக்கு என்று வைத்துக்கொள்வோம். ஆட்டத்துக்கு 60 ரூபாய். நூறு ஆட்டத்தில் ஆறாயிரமும் மேஜைக்காரரிடம். ஆறு பேரும் ஒரு கைகூடத் தப்பாக ஆடியிருக்க வேண்டியதில்லை!

மணிமேக்கர் அத்தனை சிப்பையும் தள்ளினாரே, தோற்றிருந்தால்? கையை விட்டுப் போயிருப்பது தகுதிப் போட்டிக்குக் கட்டிய அந்தச் சில டாலர்தான். அப்போதும் இரண்டாம் பரிசு 13 லட்சம் டாலர் அவருக்கு உண்டு. முதல் பரிசு 25 லட்சம். அவருடைய நஷ்டத்துக்கு முதலிலேயே ஒரு எல்லை இருந்தது. அந்தத் துணிச்சலைப் பார்த்து 2006-ல் அதே போட்டிக்கு 8,773 பேர் வந்தார்கள். எல்லோரும் பார்த்தது துணிச்சலை, எல்லையை அல்ல.

ரயில் ரம்மிக்கும் எல்லை இருந்தது. காபி, வடை, இறங்குகிற ஸ்டேஷன். செல்போனுக்கு ஸ்டேஷனே கிடையாது.

சித்தியின் ஆபரேஷன் நாலு மாதம் தள்ளிப்போய் நடந்தது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசே பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து சட்டம் கொண்டு வந்தது. சட்டம் அதன் வேலையைப் பார்க்கட்டும். நம்மைப் போல் வெளியிலிருந்து பணம் அனுப்புகிறவர்களுக்கு ஊரிலிருந்து இப்படி ஒரு கேள்வி வந்தால், திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை சொல்ல மாட்டார்கள். கையைப் பொறுமையாக அலசிக் கொடுங்கள். ஆடினது சரியென்றால் சரி என்றே சொல்லுங்கள். அப்புறம் மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள். மேஜை யாருடையது? நஷ்டம் எங்கே நிற்கும்? பணம் யாருடையது?

இந்த மூன்றுக்கும் ஸ்கிரீன்ஷாட்டில் பதில் இருக்காது. அதைச் சொல்ல அவர்களேதான் வாய் திறக்க வேண்டும்.