அஞ்சாம் நம்பர் பட்டன்!

உங்க கீபோர்டை ஒரு நிமிஷம் குனிஞ்சு பாருங்க. எந்தப் பட்டன்ல பெயின்ட் போயிருக்கு? 'ஏ', 'எஸ்', 'ஈ' எல்லாம் அழிஞ்சிருந்தா நீங்க அசைன்மென்ட் பார்ட்டி. 'கன்ட்ரோல்', 'சி', 'வி' மட்டும் தேய்ஞ்சிருந்தா அடுத்தவன் அசைன்மென்ட் பார்ட்டி. வலது ஓரத்துல இருக்குற நாலு ஆரோ கீயும் மொட்டையா நின்னா... சந்தேகமே இல்ல, நீங்க நம்ம ஆளு!

2006-ல நான் இன்ஜினியரிங் சேர்ந்தப்ப எங்க ஹாஸ்டல் விங்குல மொத்தமே மூணு கம்ப்யூட்டர். ஒண்ணு எங்க ரூம்ல. 'படிப்புக்கு'ன்னு சொல்லி வீட்டுல வாங்கினது. அதுல படிப்பு ஓடினதை விட கிரிக்கெட் ஓடினதுதான் ஜாஸ்தி. மெஸ் முடிஞ்சதும் கட்டில் மேல நாலு பேர், தரையில நாலு பேர், பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு ரெண்டு பேர்னு உட்கார்ந்துடுவோம். வலது கை ஆரோ கீயில. பந்து எந்தப் பக்கம் போகணும்னு அதுதான் முடிவு பண்ணும். இடது கை ஷாட் பட்டன்ல. அஞ்சு ஓவர் மேட்ச். தோத்தவன் டீ வாங்கணும்.

எங்க விங்கோட சேவாக், என் ரூம்மேட். ஊர் திருநெல்வேலி, அதனால பேர் 'நெல்லை'. முதல் பந்துலயே இறங்கி வந்து அடிப்பான். அவுட்டானா, "கீபோர்டு சரியில்லலே!"ம்பான். டீ மட்டும் வாங்க மாட்டான்.

ரெண்டாம் வருஷ லீவுல ஊருக்குப் போனவன் பஸ் விபத்துல சிக்கிட்டான். ஜன்னல் கண்ணாடி வலது மணிக்கட்டுல இறங்கி, விரல்களை மடக்குற தசைநார்களை அறுத்துடுச்சு. ஆபரேஷன், மாவுக்கட்டு, பிசியோதெரபின்னு நாலு மாசம். திரும்பி வந்தப்ப கை நல்லாத்தான் இருந்த மாதிரி தெரிஞ்சது. தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் அசைஞ்சது. விரல்கள் மட்டும் தனித்தனியா மடங்கலை, அழுத்துறதுக்கு பலமும் இல்லை. பேனாவை இடது கைக்கு மாத்திக்கிட்டான். மெஸ்ல ஸ்பூன். தட்டை எடுக்க யாராவது கை நீட்டினா, "வேண்டாம்டே, நானே பாத்துக்கிடுதேன்"னு ஒரே வரி.

ராத்திரி மேட்சுக்கும் வருவான். ஆனா விளையாட மாட்டான். மூலையில பக்கெட்டு மேல உட்கார்ந்து இடது கையால ஸ்கோர் எழுதுவான். "நான் அம்பயரா இருக்கேன்டே"ன்னுட்டான். அவனைச் சுத்தி எல்லாருமே ரொம்ப மரியாதையா ஆயிட்டோம். அதுதான் பெரிய கொடுமை. ஹாஸ்டல்ல ஒருத்தனை யாருமே ஓட்டலைன்னா, அவன் அங்க இல்லைன்னுதான் அர்த்தம்!

கேம்பேடு வாங்கலாம்னு ஒருத்தன் சொன்னான். ஆனா கேம்பேடு ரெண்டு கையாலயும் பிடிக்கிற சமாச்சாரம். ரெண்டு கட்டை விரலும் அதுல ஓடி ஆடணும். அவன்கிட்ட இருந்ததோ அசையுற மணிக்கட்டும் ஒரு உள்ளங்கையும். அப்பதான் அந்த யோசனை வந்தது. ஆரோ கீ மேலயே ஒரு குச்சியை நட்டு, அதைத் தள்ளினா கீழ இருக்குற பட்டன் அழுந்துற மாதிரி செஞ்சா என்ன? வேண்டாதப்ப கழட்டி வெச்சுடலாம்.

இது நாங்க கண்டுபிடிச்சது ஒண்ணும் இல்லீங்க. 1977-ல வந்த அடாரி கேம் மெஷினோட ஜாய்ஸ்டிக்கைத் திறந்து பார்த்தா, குச்சிக்கு அடியில இருந்தது வெறும் நாலு ஸ்விட்ச்தான். மேல, கீழ, இடது, வலது. குறுக்கே தள்ளினா ரெண்டு ஸ்விட்ச் ஒண்ணா அழுந்தும். அதாவது, குச்சி முளைச்ச ஆரோ கீ! 1982-ல இங்கிலாந்துல வந்த இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டர்ல ஜாய்ஸ்டிக் சொருக இடமே கிடையாது. ஆரோ வேலையை 5, 6, 7, 8-ங்கிற நம்பர் கீகள்தான் வரிசையா நின்னு பார்த்தன. அதனால கீபோர்டு மேலயே உட்கார்ந்து பட்டனை அழுத்துற குச்சிகளைச் சிலர் செஞ்சு வித்தாங்க. ஒயரும் வேணாம், கரன்ட்டும் வேணாம். சேகா கம்பெனியோட மாஸ்டர் சிஸ்டம் கேம் மெஷின்ல இன்னும் அழகு. கன்ட்ரோலர்ல இருக்குற திசை பட்டனுக்கு நடுவுல ஒரு ஓட்டை. அதுல சின்னக் குச்சியைத் திருகி மாட்டிக்கலாம், பிடிக்கலைன்னா கழட்டிடலாம்.

சரி, செஞ்சுடலாம்னு உட்கார்ந்தா, முதல் முட்டுக்கட்டை அந்த ஆரோ கீதான்! நல்லாப் பாருங்க. மேல ஒண்ணு, கீழ மூணு. தலைகீழா நிக்கிற 'டி' எழுத்து. 1982-ல டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனோட எல்.கே.201 கீபோர்டுல இப்படி வெச்சாங்க. அப்புறம் ஐ.பி.எம்.மும் அதையே எடுத்துக்க, உலகம் பூரா அதுவே ஆகிப்போச்சு. மூணு விரலுக்கு இதைவிட வசதியான அமைப்பு கிடையாது. ஆனா குச்சிக்கு? நடுவுல ஊன்ற இடமே இல்லை! நடு இடத்துல 'கீழ்' பட்டன் உட்கார்ந்திருக்கு. குச்சியை அங்கே ஊன்றினா நம்ம பேட்ஸ்மேன் எப்பவும் குனிஞ்சேதான் நிப்பான்.

வழி சொன்னது எங்க விங்கோட மெக்கானிக்கல்காரன். "ஏன்டா, பக்கத்துல நம்பர் பேடு சும்மாதானே கிடக்கு?"

கரெக்ட்! 1981-ல வந்த முதல் ஐ.பி.எம். பி.சி.யில தனியா ஆரோ கீயே கிடையாது. நம்பர் பேடுல 8 மேல, 2 கீழ, 4 இடது, 6 வலது. இன்னிக்கும் நம்பர் பேடு இருக்குற கீபோர்டுல நம் லாக்கை அணைச்சா அதே கதைதான். நடுவுல நிக்கிற 5-க்கு எந்தத் திசையும் இல்லை. கூட்டத்துக்கு நடுவுல வேலை வெட்டி இல்லாம நிக்கிற ஆசாமி. நமக்கு வேண்டியது அந்த ஆசாமிதான்!

ஒரு ஞாயித்துக்கிழமை பூரா ஆச்சு. 5-ம் நம்பர் பட்டனோட மூடியை ஸ்க்ரூ டிரைவரால நெம்பி எடுத்தோம். 7, 9, 1, 3 குறுக்கே வரும்னு அதையும் எடுத்தாச்சு. அஞ்சாம் நம்பர் குழிமேல டூத்பேஸ்ட் மூடி ஒண்ணு கவிழ்ந்தது. பாரம் பட்டன் மேல இறங்காம கீபோர்டு உடம்பு மேலயே இறங்கணுமே, அதுக்கு. மூடி மேல ஒரு கோலிக்குண்டு. பழைய பிளாஸ்டிக் டப்பா மூடியைக் கூட்டல் குறி மாதிரி வெட்டி, நாலு நுனிக்கும் அடியில அழி ரப்பர் துண்டு ஒட்டினோம். அதுதான் கால். கூட்டல் குறி கோலிக்குண்டு மேல உட்கார்ந்து நாலு பக்கமும் சாயும். எந்தப் பக்கம் சாயுதோ அந்த பட்டன் அழுந்தும். நடுவுல நைலான் குச்சி.

ஸ்பிரிங்? தேவையே படலை. கையை எடுத்ததும் கீபோர்டுக்கு உள்ளே இருக்குற ரப்பர் குமிழே குச்சியைத் தள்ளி நிமிர்த்திடுச்சு.

குச்சி உச்சியில என்ன வைக்கிறதுன்னுதான் சண்டை. மெலிசான குச்சியை அவனால பிடிக்க முடியாது. கடைசியில ஒரு டி.டி. பந்துக்குள்ள எம்-சீலைத் திணிச்சு மாட்டினோம். உள்ளங்கையை அது மேல கவிழ்த்து வெச்சா போதும், விரலுக்கு வேலையே இல்லை. மொத்தத்தையும் ஒரு எலாஸ்டிக் பட்டையால கீபோர்டோட கட்டியாச்சு. ரெண்டு செகண்டுல மாட்டலாம், ரெண்டு செகண்டுல கழட்டலாம். செலவு அம்பது ரூபாய் கூட இல்லை.

டெஸ்ட் பண்ணினப்ப இன்னொரு ஆப்பு. சில கேம் நம்பர் பேடு 8-ஐயும் மேல் ஆரோவையும் வேற வேற பட்டனாத்தான் பார்க்கும். அதை செட்டிங்ஸ்ல மாத்திக்கிட்டோம். ஆனா குறுக்கே சாய்ச்சு ஷாட் பட்டனை அழுத்தினா பேட்ஸ்மேன் சிலை மாதிரி நின்னான். காரணம் கீபோர்டோட சிக்கனம். நூத்துச் சொச்சம் பட்டனுக்கும் தனித்தனி ஒயர் கிடையாது. படுக்கை வரிசை, நிமிர்ந்த வரிசைன்னு வலை மாதிரி பின்னியிருப்பாங்க. சில இடங்கள்ல மூணு பட்டனை ஒண்ணா அழுத்தினா, அழுத்தாத நாலாவது பட்டனும் அழுந்தின மாதிரி கீபோர்டுக்குத் தோணும். அந்தக் குழப்பம் வேணாம்னு சாதா கீபோர்டுகள் மூணாவது பட்டனையே கண்டுக்காது. ஷாட்டுக்கு வேற எழுத்தை மாத்தி மாத்திப் பார்த்து, ஒருவழியா ஒண்ணு சிக்குச்சு.

எல்லாம் ரெடி. அவன்கிட்ட யார் சொல்றது? அன்னிக்கு ராத்திரி வழக்கம் போல மேட்ச் ஆரம்பிச்சோம். கீபோர்டைப் பார்த்தவன் முகம் மாறிடுச்சு.

"என்னலே இது? எனக்குன்னு தனிக் கீபோர்டா?"

"தனி எல்லாம் இல்லடா. இதே கீபோர்டுதான். இந்தா, கழட்டிட்டா பழையபடி ஆயிடும். நீ ஆடலைன்னா நான் ஆடுறேன்"னு மெக்கானிக்கல்காரன் எலாஸ்டிக்கை உருவிக் காமிச்சான். திருப்பி மாட்டினான். நெல்லை ஒண்ணும் பேசலை. பக்கெட்டு மேலேயே உட்கார்ந்திருந்தான். ரெண்டு மேட்ச் முடிஞ்சது. மூணாவது மேட்சுக்கு யாரும் கூப்பிடாமலேயே எழுந்து வந்தான். வலது உள்ளங்கையை அந்தப் பந்து மேல வெச்சான். இடம், வலம், மேல, கீழன்னு அசைச்சுப் பார்த்தான். ரூம்ல சத்தமே இல்லை.

முதல் பந்து. இறங்கி வந்து அடிச்சான். க்ளீன் போல்டு!

ஒரு செகண்டு யாருக்கும் என்ன பண்றதுன்னே தெரியலை. அப்புறம் பின்னாடியிருந்து ஒரு குரல்: "நாலு மாசம் ரெஸ்ட் எடுத்துட்டு வந்து டக்கா மாப்ள? இதுக்கா எங்க டூத்பேஸ்ட்டு மூடியைப் புடுங்கினீங்க?"

அவ்வளவுதான்... ரூமே வெடிச்சுது. ஆளாளுக்கு ஓட்டித் தள்ளினோம். எல்லாரையும் விட சத்தமா சிரிச்சவன் அவன்தான். சிரிச்சு முடிச்சுட்டு, கண்ணைத் துடைச்சுக்கிட்டு சொன்னான்: "கீபோர்டு சரியில்லலே!"

டீ அவன்தான் வாங்கினான். முதல் தடவையா!

அதுக்கப்புறம் அந்தக் குச்சி அவனோட பேக்லயேதான் இருந்தது. விரல்கள் முழுசா பழைய நிலைமைக்கு வரலை. குச்சி வெச்சு அதிசயமும் நடந்துடலை. சில மேட்ச் ஜெயிச்சான், நிறைய தோத்தான். ஆனா பக்கெட்டு மேல ஸ்கோர் எழுத வேற ஆளைத் தேட வேண்டியதாப்போச்சு. ஒரு நாள் மெதுவா சொன்னான்: "கழட்ட முடியாத மாதிரி பண்ணியிருந்தீங்கன்னா நான் தொட்டிருக்கவே மாட்டேன்டே." அது நின்னா அவனோட கீபோர்டு, எடுத்தா எல்லாரோட கீபோர்டு. அதுதான் அவனுக்கு வேண்டியிருந்தது.

இப்ப காலம் நிறையவே மாறியாச்சு. 2018-ல மைக்ரோசாஃப்ட் 'எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர்'னு ஒண்ணு கொண்டுவந்தாங்க. பெரிய பட்டன் ரெண்டு. பின்னாடி வரிசையா ஓட்டைகள். காலால மிதிக்கிற ஸ்விட்ச், முழங்கையால தள்ளுற குச்சின்னு யாருக்கு எது முடியுமோ அதைச் சொருகிக்கலாம். 2023-ல சோனியும் 'ஆக்சஸ்' கன்ட்ரோலரை விட்டாங்க. அதோட குச்சி உச்சியைக் கழட்டி வேற வடிவம் மாட்டிக்கலாம். அதுல உருண்டையும் ஒண்ணு! அந்தப் படத்தைப் பார்த்ததும் எங்க டி.டி. பந்துதான் ஞாபகம் வந்தது. விங்கோட வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன். நெல்லையோட பதில்: "நம்மளுதுல எம்-சீல் வாசம் வரும். இதுல வருமாலே?"

நம்ம நாட்டுல 2016-ம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இருக்கு. ஒரு மாணவருக்குத் தேவையான நியாயமான மாற்றங்களை கல்வி நிலையங்கள் செஞ்சு தரணும்னு அது சொல்லுது. கேட்டு வாங்க வேண்டிய உரிமை அது. உங்க காலேஜ் லேப்ல இன்னிக்கே செய்யக்கூடிய சின்ன விஷயங்களும் உண்டு. ஷிஃப்ட் கீயை அஞ்சு தடவை தட்டினா விண்டோஸ்ல 'ஸ்டிக்கி கீஸ்' கேட்கும். நாமெல்லாம் தெரியாம அழுத்திட்டுத் திட்டுற அதே பெட்டிதான்! ஒரே கையால டைப் பண்றவங்களுக்கு அது வரம். 'மவுஸ் கீஸ்' ஆன் பண்ணினா நம்பர் பேடாலயே மவுஸ் அம்பை நகர்த்தலாம்.

உங்க விங்குலயும் யாராவது ஒருத்தர் 'நான் ஸ்கோர் போடுறேன்'னு மூலையில உட்கார்ந்திருப்பாங்க மக்கா. பரிதாபப்பட்டு விட்டுக்கொடுக்க வேண்டாம். என்ன பட்டன் இடிக்குதுன்னு பக்கத்துல உட்கார்ந்து கேளுங்க. முடிஞ்சா ஒரு ஞாயித்துக்கிழமை ஒதுக்குங்க. அப்புறம் மேட்ச்சுல ஈவு இரக்கமே இல்லாம போல்டு எடுங்க!