சம்மட்டி ஓசையும் சந்தமும்

அரபு யாப்பிலக்கணம் தொடங்கும் முதல் நாளில் யாம் மாணவர்க்குத் தவறாது கூறும் கதை ஒன்றுண்டு. ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத் அவர்கள் கன்னார் தெரு வழியே நடந்தபோது, செம்பு தட்டும் சம்மட்டி ஓசையில் ஓர் ஒழுங்கைக் கண்டார்கள் என்பர். அவ்வொழுங்கே ‘அரூழ்’ எனும் சந்த இலக்கணத்துக்கு வித்தாயிற்று என்பர். இதனை முப்பதாண்டுகளாகச் சொல்லிவந்த யாமே, எம் தமக்கையின் மகன் விரும்பிக் கேட்ட ராக் இசையை வீட்டார் அனைவர் முன்னும் “இரைச்சல்” என்று சொல்லிவிட்டோம். அதன்பின் ஈராண்டுகள் அவன் எம் வீட்டில் பாட்டுக் கேட்டதில்லை.

சென்ற மழைக்காலத்தில் பிள்ளையார்குப்பம் வந்தவன், மின்சாரம் போயிருந்த ஓர் இரவில் காதுக்கருவியை எம் கையில் வைத்து, “மாமா, முழுசாக் கேட்டுட்டு அப்புறம் ஏசுங்க” என்றான்.

இசை கேட்பது கூடுமா என்பது பற்றி இமாம் கஸ்ஸாலி அவர்கள் தம் ‘இஹ்யா’வில் தனிப் பகுதியே எழுதியுள்ளார்கள், அவ்விவாதத்தை இங்கே கிளப்பப் போவதில்லை.

அவன் கேட்கத் தந்தவை பெங்களூரின் ‘அகம்’ குழுவினர் வெளியிட்ட மூன்று இசைத்தொகுப்புகள். கருநாடக இசையைப் ‘புரோகிரசிவ் ராக்’ முறையோடு இணைப்பவர்கள் இவர்கள். 1960களின் இறுதியில் இங்கிலாந்தில் வேர்விட்ட அம்முறை, மூன்று நிமிடப் பாட்டின் கட்டை அவிழ்த்து, நீண்ட உருப்படிகளையும் மாறும் தாளங்களையும் நாடியது. பிங்க் பிளாய்ட் குழுவினரின் ‘மணி’ (1973) பெரும்பகுதி ஏழு எண்ணிக்கையில் நடக்கிறது. அவர்களுக்கு அது புதுமை. மிசிர சாபு பழகிய நம் செவிக்கோ பழைய உறவு.

‘அகம்’ குழுவின் 2012 தொகுப்பில் தியாகராசரின் ஹம்சநாதக் கீர்த்தனை ஒன்று ‘ஸ்வான்ஸ் ஆப் சரஸ்வதி’ எனும் பெயரில் வருகிறது. இராகத்துக்கு ஊறில்லை. ஆயினும் கிட்டார் ஏறும்போதெல்லாம் பாடகர் ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் அதனோடு மல்லுக்கு நிற்பதாகவே எமக்குப் பட்டது.

2017 தொகுப்பே எம்மை வென்றது. அதில் ‘மிஸ்ட் ஆப் கேப்ரிகார்ன்’ என்பது தியாகராசரின் நளினகாந்திக் கீர்த்தனை. தம் வேண்டுகோளைக் கேளாயோ எனத் தம் மனத்தையே கெஞ்சுவது. ஓதுபவர் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாவிடில் பொருளே பிறழும் என்பதால், தஜ்வீது கற்ற செவி முதலில் தேடுவது நிறுத்தத்தைத்தான். இங்கே குரல் ஓயும்போது கருவிகள் அந்த இடைவெளியை அறிந்தே நுழைகின்றன. இருமுறை கேட்டோம். மூன்றாம் முறை எம் விரல் பாயில் தாளமிட்டதை அவன் பார்த்துவிட்டான். “இரைச்சல் என்றது எம் பிழை” என்றோம். அவன் ஒன்றும் பேசவில்லை. விளக்குத் திரியைச் சற்றுத் தூண்டிவிட்டான்.

2025இல் வந்த மூன்றாம் தொகுப்பில் மட்டும் எமக்கும் அவனுக்கும் வழக்கு. பல்லியமும் கூட்டுக்குரலும் அலையலையாய்ச் சேர, ஒற்றைக் குரலின் உருக்கம் அதில் கரைந்துவிடுகிறது என்பது எம் கட்சி. பேரரசர் ஊர்வலத்தில் பாடகனைத் தேடுவானேன்? “காதுக்கருவியிலே கேட்டா அப்படித்தான் மாமா தெரியும்” என்பது அவன் கட்சி.

பெருநாளுக்கு வரும்போது ஒலிபெருக்கிப் பெட்டிகளைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான். அவற்றைக் கூடத்தில் எங்கே வைப்பது என்று எம் துணைவியார் இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்.