ஒற்றைப்படை பிரேம் உனக்கு, இரட்டைப்படை எனக்கு

ஒத்தவாடைத் தெருவில் வெள்ளைக்காரர்கள் இல்லாத மாதங்கள்தான் எங்களுக்குச் சீசன். நவம்பரிலிருந்து மார்ச் வரை மாமல்லபுரத்து பிரௌசிங் சென்டரில் இடம் கிடைக்காது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு யாராவது ஒரு பிரெஞ்சுக்காரர் தன் ஊரோடு ஸ்கைப்பில் பேசிக்கொண்டிருப்பார். சித்திரை வெயில் ஏறியதும் தெரு காலியாகும். ரேட் எழுதிய போர்டைக் கடைக்கார அண்ணன் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, பாதிக் காசுக்கு எங்களை உட்காரவிடுவார். கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6 தான் ஆட்டம். எல்லா சிஸ்டத்திலும் போர்டோடு வந்த இன்டெல் கிராபிக்ஸ்; மூலையில் இருந்த ஒன்றில் மட்டும் ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5200. அந்த வரிசையிலேயே கடைசிப் பையன் அது. ஆனாலும் அந்த நாற்காலிக்கு அடிதடி நடக்கும்.

அந்த நாற்காலிக்கு என்னோடு மல்லுக்கட்டியவன்தான் பிறகு நண்பனானான். அப்பா சிற்பி, கடலோரம் சொந்தப் பட்டறை. நாங்கள் அவனை ‘உளி’ என்றே கூப்பிடுவோம். எனக்குச் செங்கல்பட்டு. நடுவில் திருக்கழுக்குன்றம் வழியாக ஒரு பஸ்.

இரண்டு கார்டை ஒரே சிஸ்டத்தில் போடலாம் என்பதை முதலில் அண்ணன்தான் சொன்னார். 1998-இல் 3டிஎஃப்எக்ஸ் கம்பெனியின் வூடூ2 வந்ததாம். இரண்டு வாங்கிச் சேர்த்தால் ஒன்று ஒற்றைப்படைக் கோடுகளை வரையும், மற்றது இரட்டைப்படைக் கோடுகளை. அதற்கு எஸ்எல்ஐ என்று பெயர். 2000 டிசம்பரில் அந்தக் கம்பெனி என்விடியாவிடம் போய்ச் சேர்ந்தது. 2004-இல் அதே மூன்று எழுத்தை என்விடியா புது விரிவாக்கத்தோடு மறுபடி எடுத்துக்கொண்டது. அடுத்த வருடம் ஏடிஐ தன் பங்குக்கு கிராஸ்ஃபயர் என்றது. இதெல்லாம் எங்களுக்குப் புராணம் மாதிரி. கண்ணால் கண்டவர் ஒருவரும் இல்லை.

2008 ஜூனில்தான் புராணம் கைக்கெட்டும் விலைக்கு இறங்கியது. நான் மறைமலை நகரில் வேலைக்குச் சேர்ந்த புதிது. என்விடியா ஜிடிஎக்ஸ் 280-ஐ 649 டாலருக்கு விட்டது. அதே மாதம், ஏடிஐயை வாங்கியிருந்த ஏஎம்டியிடமிருந்து ரேடியான் எச்டி 4850 வந்தது, 199 டாலர். இரண்டு வாங்கினாலும் 398 தான். ஜோடி சேர்த்தால் பல கேம்களில் 280-ஐ எட்டிப் பிடித்தது, சிலவற்றில் முந்தியது. மறுமாதமே என்விடியா 280-ஐ 499-க்கு இறக்க வேண்டிவந்தது. ‘டிஜிட்’ பத்திரிகையை வரி விடாமல் படிக்கிற எங்களுக்கு அது தேர்தல் முடிவு மாதிரி இருந்தது.

அப்போது எஸ்எல்ஐ போட வேண்டுமென்றால் என்விடியா சிப்செட் உள்ள போர்டு தேவைப்பட்டது. கிராஸ்ஃபயருக்கு இன்டெல் பி45 போர்டே போதுமாக இருந்தது. அது உளியிடம் இருந்தது. இரண்டு கார்டு வாங்கும் காசு எங்களில் ஒருவரிடமும் இல்லை. ஆளுக்கு ஒன்று வாங்குவது, வாரம் முழுக்க அவரவர் வீட்டில் வைத்துக்கொள்வது, ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் ஒன்றாகப் போடுவது என்று முடிவானது.

பீச் லோக்கலில் ஏறிக் கொளவாய் ஏரியைப் பார்த்துக்கொண்டே கிளம்பினால், பார்க் ஸ்டேஷனில் இறங்கி ரிச்சி தெருவுக்கு நடை. கடையில் இருந்தவர், “ரெண்டு போட்டா மெமரி ஒரு ஜிபி ஆயிடும் தம்பி” என்றார். ஆகாது. ஒவ்வொரு கார்டும் முழுக் காட்சியையும் தன் மெமரியில் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். 512 எம்பி இரண்டு போட்டாலும் கேமுக்குக் கிடைப்பது 512 தான். தெரிந்தும் தலையாட்டினோம். ரேட்டில் கொஞ்சம் குறைக்க வேண்டியிருந்தது.

என் கார்டு வெள்ளிக் கவரில், அதன் மேல் பழைய துண்டு சுற்றி, சாப்பாட்டுப் பையில் பஸ் ஏறும். வேதகிரீஸ்வரர் மலை தெரிந்தால் பாதி வழி. திருக்கழுக்குன்றத்தில் கூட்டம் ஏறியதும் பையை மடியில் இறுக்கிக்கொள்வேன். ஒருமுறை பக்கத்து இருக்கைப் பாட்டி, “கொழந்தைக்குக் கொழுக்கட்டையா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அவன் வீட்டில் முதல் வேலை ரப்பர். பென்சில் அழிக்கிற ரப்பரால்தான் கார்டின் தங்கப் பற்களைத் தேய்ப்போம். உப்புக்காற்றில் ஒரு வாரத்துக்குள் பச்சை பிடித்துவிடும். ஸ்லாட்டில் சொருகினால் டிஸ்ப்ளே வராது. அது போதாதென்று கருங்கல் தூசி. பட்டறையில் கிரைண்டர் ஓடும் நாட்களில் சிபியுவைத் திறந்தால் உள்ளே திருநீறு கொட்டின மாதிரி இருக்கும். ஊதினால் கண்ணில் படும். பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு துடைக்க வேண்டும். அதன் பிறகுதான் இரண்டையும் சொருகி, மேலே விரலகல பிரிட்ஜை மாட்டுவது. 4850 சும்மா இருக்கும்போதே எண்பது டிகிரிப் பக்கம் நிற்கும் சாதி. பக்கத்தில் இன்னொன்றை ஒட்டவைத்தால் மேல் கார்டுக்கு மூச்சு முட்டும். சிபியுவின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, எதிரே டேபிள் ஃபேன் வைத்தோம்.

கிரைசிஸ் கேம் ஓடியது. தீவு, தென்னை, அலை. ஜன்னலைச் சாத்திவிட்டு, திரையில் தெரிகிற கடலின் மினுக்கத்தைப் பார்த்து வாய்பிளந்துகொண்டிருந்தோம். நிஜக்கடல் கூப்பிடு தூரத்தில் யாரும் சீண்டாமல் கிடந்தது.

அவன் அப்பா மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவர் வாசற்படியில் நின்று, “ரெண்டு எதுக்குடா?” என்று கேட்டார். ஒரு கார்டு ஒற்றைப்படை பிரேமை வரையும் ஐயா, மற்றது இரட்டைப்படையை, அதனால் வேகம் என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். “ஒரு மொகத்துல ரெண்டு பேர் உளி வெச்சா மூக்கு கோணும் தம்பி” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

மூக்கு கோணத்தான் செய்தது. நொடிக்கு 60 பிரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் நடுவே சுமார் 16.7 மில்லிசெகண்ட் இருக்க வேண்டும். இரட்டைக் கார்டில் ஒரு பிரேம் 8-இல் வரும், அடுத்தது 25-இல் வரும். சராசரி சரியாக இருக்கும், கண்ணுக்கு மட்டும் தத்தித் தத்தி ஓடும். மைக்ரோ ஸ்டட்டர் என்று அதற்குப் பெயர் இருந்தது. சராசரியை மட்டும் அச்சிட்ட விமர்சனப் பட்டியல்களில் அது தெரியாது. பிரேம்களின் இடைவெளியைச் சீராக்கும் டிரைவரை ஏஎம்டி வெளியிட்டது 2013 ஆகஸ்டில்தான். சிற்பி ஐந்து வருடம் முந்திக்கொண்டார். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பத்திரிகைக்காரர்கள் அந்தக் கார்டுகளைச் சோதித்தது பெரும்பாலும் பெரிய திரைகளில். எங்களிடம் இருந்தது 17 இஞ்ச், 1280-க்கு 1024. பெரும்பாலான கேம்களுக்கு அந்த அளவில் ஒரு கார்டே தாராளம். இரண்டாவது எதற்கென்றால், நான் அங்கே இருப்பதற்கு.

புது கேம் வந்தால் கிராஸ்ஃபயர் வேலை செய்ய அதற்கேற்ற டிரைவர் வர வேண்டும். கேட்டலிஸ்ட் என்ற பெயரில் மாதம் ஒரு டிரைவர் வரும். அன்றைய பிஎஸ்என்எல் பிளானில் இரவு 2 மணி முதல் காலை 8 வரை டவுன்லோடுக்குக் கணக்குக் கிடையாது. அதனால் அலாரம் வைத்து எழுந்து டவுன்லோடைத் தட்டிவிட்டுப் படுப்போம். காலையில் பார்த்தால் பாதியில் நின்றிருக்கும், கரண்ட் போயிருக்கும். 2008-க்குப் பிறகான மின்வெட்டை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். 2012-இல் அது உச்சத்துக்குப் போனது. பக்கத்தில் கல்பாக்கத்தில் 220 மெகாவாட்டில் இரண்டு உலை. இங்கே எங்கள் யுபிஎஸ் கீச்கீச்சென்று கத்திவிட்டு அணையும். சேமிக்காத ஆட்டம் போனது போனதுதான். மொட்டைமாடிக்குப் போய்விடுவோம். கரண்ட் வருகிறவரை பேச்சு: அடுத்து எந்தக் கார்டு, எவ்வளவு வாட், யாருக்குச் சம்பளம் ஏறும், எவள் கல்யாணப் பத்திரிகை கொடுத்தாள். கலங்கரை விளக்கத்தின் வெளிச்சம் சுற்றிச் சுற்றி வரும். விளையாடிய நேரத்தைவிட இந்தப் பேச்சு அதிகம் என்று இப்போது தோன்றுகிறது.

பிறகு ஒவ்வொன்றாக விலகியது. பிரௌசிங் சென்டர் போன இடத்தில் துணிக்கடை. 2012-இல் எச்டி 4000 வரிசையைப் பழைய கணக்கில் தள்ளி, மாதாந்திர டிரைவரை நிறுத்தினார்கள். எனக்குக் கல்யாணம், அவனுக்கு ஓமனில் வேலை. 2016 டிசம்பர் 12, வர்தா புயலில் அவர்கள் வீட்டு ஷீட் பிய்த்துக்கொண்டு போய், சிபியுவுக்குள் தண்ணீர் இறங்கியது. அவன் கார்டு அதோடு சரி. ஒற்றைக் கார்டாக என்னுடையது பரணில் இருக்கிறது, பிரிட்ஜோடு.

இணைக்கிற தொழிலும் வீடுகளை விட்டுக் கிளம்பிவிட்டது. 2021 முதல் புதிய எஸ்எல்ஐ புரொஃபைல் கிடையாது என்று என்விடியா கையைக் கழுவியது. 2022-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090-இல் பிரிட்ஜ் மாட்டும் பற்களே இல்லை. இந்திய விலை 1,55,000 ரூபாயில் தொடங்கியது. ஆனால் பிரிட்ஜ் சாகவில்லை. டேட்டா சென்டர்களுக்கென்று செய்யும் எச்100 சர்வரில் எட்டுச் சிப்பை என்விலிங்க் பிணைக்கிறது, சிப் ஒன்றுக்கு நொடிக்கு 900 ஜிபி. அந்த மாதிரிக் கட்டிடங்கள் இப்போது சிறுசேரியிலும் எழும்பிவிட்டன, எங்கள் மாவட்டத்துக்குள்ளேயே. அவற்றில் கரண்ட் போகாது, ஜன்னல் கிடையாது, உப்புக்காற்று நுழையாது.

போன வருடம் உளி போன் செய்தான். மகன் ஆர்டிஎக்ஸ் 5070 கேட்கிறான், 59,000 ரூபாய் தகுமா என்றான். அந்தக் கார்டு 4090-க்குச் சமம் என்று 2025 ஜனவரியில் என்விடியா மேடையில் சொன்னது, ஒரு பிரேமை வரைந்து மூன்றை ஊகித்து நுழைக்கிற வித்தையையும் சேர்த்துத்தான் என்று விளக்கினேன். நம் காலத்தில் கோணலாக இருந்தாலும் ஒவ்வொரு பிரேமையும் யாராவது ஒருவன் வரைந்தான். அதற்குள் பையன் போனை வாங்கிக்கொண்டான். “அங்கிள், லாஸ்லெஸ் ஸ்கேலிங்னு ஒண்ணு இருக்கு. பழைய 1660-ஐ ரெண்டாவது ஸ்லாட்ல போட்டா, இடையில வர்ற பிரேமை எல்லாம் அது பார்த்துக்கும். எல்லாரும் மறுபடி ரெண்டு கார்டு போடுறாங்க. அப்பா வேணாங்கறாரு.”

பின்னால் உளியின் குரல் கேட்டது: “மூக்கு கோணும்டா!”

போர்டில் இரண்டாவது ஸ்லாட் எத்தனை லேன் என்று பார்க்கச் சொன்னேன். 750 வாட்டுக்குக் குறைவான எஸ்எம்பிஎஸ் வாங்காதே, லோக்கல் வேண்டவே வேண்டாம் என்றேன். “ரப்பர் இருக்கா வீட்டுல?” என்று கேட்டேன். எதற்கு அங்கிள் என்றான்.