“ஏலாது” எண்டு சொல்ல ஒரு லைசென்ஸ்



கொஞ்சம் நீளமான பதிவு. வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களும், ஓ.எல். முடித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிக்கும் பிள்ளை வீட்டில் இருப்பவர்களும் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

மானிப்பாயில் எனக்குத் தெரிந்த வயறிங் அண்ணை ஒருவர் இருக்கிறார். அவருடைய மகன் என்னிடம் விஞ்ஞானம் படித்தவன். பெயர் போட வேண்டாம் என்று அண்ணை சொல்லிவிட்டார், அதனால் போடவில்லை. போன மாதம் அவருக்குத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கிடைத்தது. மின்பணியாளர், மட்டம் 3. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் வேலை செய்த ஒருவருக்கு நாற்பத்தாறு வயதில் கிடைத்த முதல் சான்றிதழ் அது.

வாழ்த்து மட்டும் எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் அந்தச் சான்றிதழுக்குப் பின்னால் என்னுடைய பிழை ஒன்று இருக்கிறது. அதை மறைத்தால் நேர்மையில்லை.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக்கு வயறிங் செய்தது இந்த அண்ணைதான். 2009க்குப் பிறகு ஊருக்குத் திரும்பி வந்து, கூரையில்லாத வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திய காலத்தில் இருந்தே அவர்தான் எங்களுக்குக் கரண்ட் வேலை. சில வருடம் முன்பு ஒரு மழைக்காலத்தில் வீட்டு ட்ரிப் சுவிச் அடிக்கடி விழத் தொடங்கியது. நோன்பு காலம் வேறு. ஸஹருக்கு எழும்பினால் வீடு இருட்டு. நான் அண்ணையைக் கூப்பிட்டேன்.

அவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சேர், எங்கயோ லீக் இருக்கு. ஒவ்வொரு லைனாக் கழட்டித் தேடோணும். ஒரு முழுநாள் வேணும்.”

நான் சொன்னேன்: “அண்ணை, இப்ப நேரமில்லை. ட்ரிப் சுவிச்ச விட்டுட்டு நேரக் குடுத்துவிடுங்கோ. பெருநாள் முடியப் பாப்பம்.”

அவர் தயங்கினார். நான் திரும்பவும் கேட்டேன். அவர் செய்துவிட்டுப் போனார்.

பெருநாள் முடிந்தது, நான் மறந்துவிட்டேன். வீட்டில் கரண்ட் ஒழுங்காக இருந்ததே! நாலு மாதம் கழித்து ஒருநாள் காலையில் உம்மா கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் மோட்டரைப் போட்டுவிட்டு, ஈரக்கையோடு மோட்டரைத் தொட்டிருக்கிறா. சத்தம் கேட்டு ஓடினேன். நிலத்தில் விழுந்து கிடந்தா. காலில் றப்பர் செருப்பு இருந்தது. அல்ஹம்துலில்லாஹ், உயிர் தப்பியது. ஆனால் இரண்டு கிழமை அந்தக் கையால் கோப்பை தூக்க முடியவில்லை.

லீக் இருந்தது அந்த மோட்டரில்தான். உள்ளே சுருளின் காப்பு பழுதாகி, மோட்டரின் இரும்பு உடம்புக்குக் கரண்ட் வந்திருக்கிறது. மோட்டருக்குப் போன ஏர்த் வயரும் துருப்பிடித்து அறுந்திருந்தது. மழை ஈரத்தில் நிலத்துக்குக் கசிந்த கரண்டைத்தான் ட்ரிப் சுவிச் ஒவ்வொரு இரவும் எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதன் வாயை அடைத்துவிட்டேன்.

விஞ்ஞான ஆசிரியன் நான். வகுப்பில் ஓமின் விதி படிப்பிக்கிறவன். நனைந்த உடம்பின் தடை ஏறத்தாழ 1000 ஓம் என்று வைத்தால், 230 வோல்ற்றுக்கு 230 மில்லிஅம்பியர் ஓடும். வீட்டு ட்ரிப் சுவிச் போகும் கரண்டையும் திரும்பி வரும் கரண்டையும் ஒப்பிட்டு, 30 மில்லிஅம்பியர் வித்தியாசம் வந்தாலே கண் மூடித் திறப்பதற்குள் விழுந்துவிடும். போர்டில் இருக்கும் மற்றச் சின்ன பிரேக்கர் அப்படியல்ல. 16 அம்பியர் பிரேக்கருக்கு 230 மில்லிஅம்பியர் ஒரு பொருட்டே இல்லை. அது வயர் எரியாமல் காக்கும், ஆளைக் காக்காது. இவ்வளவும் தெரிந்த நான்தான் “நேரக் குடுங்கோ” என்று சொன்னேன்.

அன்று பின்னேரம் அண்ணை வந்தார். உம்மாவின் கையைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் மோட்டரைக் கழற்றினார், புது ஏர்த் அடித்தார், ட்ரிப் சுவிச்சைத் திரும்பப் பூட்டினார். கூலி வாங்கவில்லை. பிழை என்னுடையது என்று நான் சொன்னேன். அவர் சொன்ன பதில்தான் இந்தப் பதிவை எழுத வைத்தது:

“இல்லை சேர். நீங்கள் கேப்பியள், எல்லாரும் கேக்கினம். நான்தான் ஏலாதெண்டு சொல்லியிருக்கோணும். ஆனா நான் ஏலாதெண்டா நீங்கள் இன்னொராளக் கூப்பிடுவியள். என்னட்ட என்ன இருக்கு, நான் சொன்னா நீங்கள் கேக்கிறதுக்கு? ஒரு பேப்பர் இருக்கோ?”

பேப்பர் இல்லாததற்கு ஒரு கதை உண்டு. 1990க்குப் பிறகு பல வருடம் குடாநாட்டில் கரண்ட் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறை அது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஆட்கள் இதை வாசிப்பவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே தென்மராட்சிக்கு நடந்தபோது அண்ணைக்குப் பதினாறு வயது. ஓ.எல். எழுதவில்லை. இருந்த பள்ளிக்கூடப் பேப்பர்களும் அந்த இடம்பெயர்வில் போய்விட்டன. திரும்பி வந்து, கரண்டும் மெல்ல மெல்ல வந்தபோது, ஒரு வயதான வயறிங்காரருக்குப் பின்னால் ஏணி பிடித்துக்கொண்டு போய்த் தொழில் பழகினார்.

எங்களை யாழ்ப்பாணத்தில் இருந்து வெளியேற்றியதும் ஒரு ஒக்டோபர் 30தான், 1990இல். எங்கள் வீட்டிலும் உறுதி, பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூடச் சான்றிதழ் என்று தொலைந்த பேப்பர்களின் பட்டியல் உண்டு. அதனால் “பேப்பர் இருக்கோ” என்று அவர் கேட்டது எனக்கு எங்கே பட்டது என்று விளக்கத் தேவையில்லை.

அதற்குப் பிறகுதான் நான் விசாரிக்கத் தொடங்கினேன். விசாரித்ததில் தெரிந்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

கையால் தொழில் பழகியவர்களுக்கு என்றே ஒரு வழி இருக்கிறது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்று பெயர். தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை (நைற்றா என்றால் எல்லோருக்கும் தெரியும்) இதைச் செய்கிறது. திரும்ப வகுப்புக்குப் போய் வருடக்கணக்கில் இருக்கத் தேவையில்லை. செய்த வேலைகளுக்கு ஆதாரம் காட்ட வேண்டும்: படங்கள், வேலை கொடுத்தவர்களின் கடிதங்கள். பிறகு மதிப்பீட்டாளர் முன்னால் வேலையைச் செய்து காட்ட வேண்டும், கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். இதில் “பெயில்” என்ற சொல்லே இல்லை. “இன்னும் தேர்ச்சி அடையவில்லை” என்றுதான் சொல்வார்கள். எதில் குறை என்று பார்த்துப் பழகிவிட்டுத் திரும்ப வரலாம்.

மின்பணியாளர்களுக்கு உரிமம் வேண்டும் என்று பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு வருடக்கணக்காகச் சொல்லி வருகிறது. அதற்கு அவர்கள் அடிப்படையாக வைப்பதும் இந்த மட்டம் 3 தகைமையைத்தான். ஆள் வேலைக்கு இது போதும். ஒப்பந்தகாரராக நிற்க வேண்டுமென்றால் இன்னும் இரண்டு படி. ஒன்று, பிரதேச செயலகத்தின் ஊடாக வியாபாரப் பெயரைப் பதிய வேண்டும். மற்றது, 2014ஆம் ஆண்டு 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபையில் (சீடா) ஒப்பந்தகாரராகப் பதிய வேண்டும். அங்கே தரம் தரமாகப் பிரித்திருக்கிறார்கள். ஆளணி, கருவி, பண வசதி, செய்த வேலை எல்லாம் பார்த்துத் தரம் கொடுப்பார்கள். அரசாங்கக் கட்டட வேலைக்கு விலை போட இந்தப் பதிவு வேண்டும்.

அண்ணைக்கு இது ஏன் முக்கியம் என்றால், ஒரு மாடிக் கட்டடத்தின் முழு வயறிங்கையும் அவர் தன் கையால் செய்தார். ஆனால் ஒப்பந்தம் இன்னொருவர் பெயரில். பேப்பர் அவரிடம் இருந்தது. அண்ணைக்கு நாட்கூலி.

இவ்வளவையும் சொன்னபோது அண்ணை முதலில் சிரித்தார். பிறகு கோபம் வந்தது. “என்ர பெடியன் வயசுக்காரனுக்கு முன்னால போய் நான் சோதினை செய்யிறதோ? நான் வயறிங் செய்த வீட்டிலதான் அவன் பிறந்திருப்பான்.” அந்தக் கோபம் நியாயம்தான். ஆனால் அதற்குள் ஒரு பயமும் இருந்தது. எழுத்து விட்டுப்போய் முப்பது வருடம்.

பள்ளிக்கூடம் விட்ட பிறகு கிழமைக்கு இரண்டு நாள் அவருடைய வீட்டு விறாந்தையில் இருந்தோம். நான் ஓமின் விதியும் வலுவும் படிப்பித்தேன். அவர் எனக்கு மெகர் பிடிக்கப் பழக்கினார். ஒரு லைனைத் தனியாக்கி, 500 வோல்ற் கொடுத்து, காப்புத் தடை 1 மெகாஓமுக்குக் கீழே வந்தால் அந்த லைன் சரியில்லை. புத்தகத்தில் நான் இருபது வருடம் படிப்பித்த “காவலி” என்ற சொல்லை அன்றுதான் முள்ளு அசையக் கண்ணால் பார்த்தேன். அவர் கை அறிந்ததற்கெல்லாம் புத்தகத்தில் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர்கள்தான் அவருக்குத் தேவைப்பட்டன, வேறொன்றும் இல்லை. அவருடைய மகன் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

முதல்முறை மதிப்பீட்டில் “இன்னும் தேர்ச்சி அடையவில்லை” என்றே வந்தது. செய்முறை எல்லாம் சரி, சோதனைப் பதிவை எழுதி நிரப்பியதில் குறை. ஒரு மாதம் எங்கள் பக்கமே அவர் வரவில்லை. பிறகு ஒருநாள் கொப்பியோடு வந்து நின்றார். இரண்டாம் முறை கிடைத்தது.

சான்றிதழ் வந்த அடுத்த கிழமை, வெளிநாட்டில் இருந்து வந்து மானிப்பாயில் வீடு திருத்தும் ஒருவர், பழைய வயரை மாற்றாமல் மேலே ஏசி இரண்டு பூட்டித்தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அண்ணை மெகரால் பார்த்து, அளவுகளை எழுதி, கீழே தன் பெயரையும் தகைமை இலக்கத்தையும் போட்டுக் கொடுத்துவிட்டு, “இந்த வயரில ஏலாது. பூட்டினா நான்தான் பொறுப்பு” என்றிருக்கிறார். வீட்டுக்காரர் பேப்பரைப் பார்த்தார். வயர் மாற்றச் சம்மதித்தார். வேலையும் அண்ணைக்கே வந்தது.

“சேர், இருபத்தஞ்சு வருசத்தில முதல்தரம் ஏலாதெண்டு சொல்லி வேலை கிடைச்சிருக்கு” என்று ஃபோனில் சொன்னார்.

வியாபாரப் பெயர் பதிந்தாயிற்று. சீடா பதிவுக்கு ஆவணம் சேர்க்கிறார். இன்ஷா அல்லாஹ் அதுவும் வரும்.

உங்களிடம் மூன்று விண்ணப்பம்.

வீடு கட்டுகிறவர்கள் “நாள் எவ்வளவு” என்று கேட்க முதல், “தகைமை இருக்கோ, வேலை முடிய சோதிச்சு எழுதித் தருவியளோ” என்று கேளுங்கள். அவர் ஏலாது என்று சொன்னால் இன்னொருவரைத் தேடி ஓடாதீர்கள். நான் செய்ததைச் செய்யாதீர்கள்.

வயறிங் செய்யும் அண்ணைமார், தம்பிமார், பேப்பர் கேட்பது உங்கள் கையை அவமதிப்பது இல்லை. விண்ணப்பம் நிரப்பவோ கணக்குப் பார்க்கவோ உதவி வேண்டுமென்றால், பின்னேரத்தில் நான் இருக்கிறேன். காசு வேண்டாம்.

பெற்றோர், ஓ.எல். சரிவராத பிள்ளையை “கரண்ட் வேலைக்குத்தான் போகப்போறாய்” என்று ஏசாதீர்கள். அது ஆட்களின் உயிரைக் கையில் வைத்திருக்கும் வேலை.

கடைசியாக ஒன்று. இன்றைக்கே வீட்டு ட்ரிப் சுவிச்சில் இருக்கும் சின்ன ‘ரெஸ்ற்’ பொத்தானை ஒருமுறை அமத்திப் பாருங்கள். விழவேண்டும். விழாவிட்டால் தெரிந்த மின்பணியாளர் ஒருவரை இன்றைக்கே கூப்பிடுங்கள்.

உம்மா இப்போது நலம். மோட்டர் போட முதல் செருப்பைத் தேடுவா. அண்ணை வந்தால் தேத்தண்ணி குடிக்காமல் விடமாட்டா.