கூரையைத் தொடாத சுவர்

தாத்தா வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவிலிருந்த பலகைச் சுவர் கூரை வரைக்கும் போகாது. ஏழடி உயரத்தில் நின்றுவிடும். அதற்கு மேல் வெறும் உத்தரமும் தகரமும்தான். இந்தப் பக்கம் தாத்தா இருமினால் அந்தப் பக்கத்திலிருந்து, "மாமா, சுடுதண்ணி வேணுமா?" என்று அத்தையின் குரல் வரும். பாட்டி கருவாடு பொரித்தால் லயத்தின் ஆறு வீட்டுக்கும் தெரிந்துவிடும். இரகசியம் பேச வேண்டுமென்றால் கொல்லைப்புறம்தான் போக வேண்டும்.

கோலசிலாங்கூர் வட்டாரத்தில், பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த ஒரு தோட்டம் அது. 2007இல் அவ்வூருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியது. தாத்தாவுக்குக் கடைசி வரை 'பத்தாங்'தான். நம் நாட்டில் செம்பனையை வணிக நோக்கில் முதன்முதலாக நட்டதும் அந்த வட்டாரத்திலேயே, 1917இல், தென்னமரம் தோட்டத்தில். தாத்தா இளவயதில் பால்மரம் வெட்டியவர். எங்கள் தோட்டத்திலும் ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது உளியை வைத்துவிட்டுக் குலை அறுக்கப் போனார். ஓய்வு பெற்ற பிறகு அங்கேயே இரவுக் காவல். அதனால்தான் வீடு கையில் இருந்தது.

முன்னால் அஞ்சடி, உள்ளே ஒரு கூடம், ஓர் அறை, பின்னால் அடுப்படி. அவ்வளவுதான் வீடு. பள்ளி விடுமுறையில் பேரப்பிள்ளைகள் எல்லாரும் அஞ்சடியில் பாய் விரித்துப் படுப்போம். மழை பிடித்துவிட்டால் தகரத்தின் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. மழை நேரத்தில் மட்டும்தான் அந்த லயத்தில் ஆளுக்கொரு தனி வீடு.

தமிழ்ப்பள்ளியில் படித்தவரை எனக்கு அந்த வீட்டில் குறை தெரியவில்லை. 2016இல் இடைநிலைப்பள்ளிக்குப் போனேன். தாத்தாவின் வீட்டைப் பற்றி மலாயில் கட்டுரை எழுதச் சொன்னார்கள். லயத்தை எழுத வெட்கமாக இருந்தது. தூண்கள் மேல் நிற்கும் வீடு, ஏழு படிக்கட்டு, வாசலில் ரம்புத்தான் மரம் என்று பாடநூல் படத்தைப் பார்த்து எழுதிவிட்டேன். நல்ல புள்ளி கிடைத்தது.

விடுமுறையில் தாத்தா கட்டுரையைப் படித்துக் காட்டச் சொன்னார். அவருக்கு மலாய் வாசிக்கத் தெரியாதே தவிர, கேட்டால் நன்றாகப் புரியும். கடைசி வரை கேட்டுவிட்டு, "ஏழு படியா? உங்க பாட்டிக்கு முட்டி வலியாச்சே, எப்படி ஏறுவா?" என்றார். சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை சிரிப்பது கேட்டது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

மறு ஆண்டு ஓர் இரவு. தாத்தா காவலுக்குப் போயிருந்தார். பாட்டிக்கு மூச்சு அடைத்துக்கொண்டது. கூப்பிடக் குரல் வரவில்லை. கை பட்டுத் தம்ளர் உருண்ட சத்தம்தான். அதைக் கேட்டு அத்தை பின்கதவு வழியாக ஓடி வந்தார். கொஞ்சம் தாமதித்திருந்தாலும் கைமீறியிருக்கும் என்று மருத்துவமனையில் சொன்னார்களாம்.

2019இல் நிர்வாகம் வீடுகளைத் திரும்பக் கேட்டது. அத்தை குடும்பம் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். தாத்தா 2021இல் போய்ச் சேர்ந்தார். பாட்டி இப்போது என் பெற்றோருடன் மலிவுவிலை அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில் இருக்கிறார். மின்தூக்கி கிடையாது. படிகளை எண்ணிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

பக்கத்து வீட்டுக்குப் புதிதாக யாரோ வந்திருந்தார்கள். யார் என்று போன வாரம் பாட்டியிடம் கேட்டேன்.

"சத்தமே வரலியேம்மா, எனக்கெப்படித் தெரியும்?" என்றார்.